கத்திரி வெயிலில் வரும் 50 மைக்ரோகிராம்: ரீகாம்பினன்ட் மனித எஃப்.ஜி.எஃப்-2 குப்பி பற்றி

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் தெரியாது. "காலிக் குப்பியை அனுப்பிவிட்டார்கள்" என்று விநியோகஸ்தருக்கு போன் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் பொறுங்கள். 50 மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு. கேரியர் (புரதம் வீணாகாமல் காக்கக் கூடவே போடும் வேறொரு புரதம்) சேர்க்காமல் உறைய வைத்து உலர்த்திய புரதம் அந்த அளவில் தூளாகக் குவியாது. அடியில் மெல்லிய படலமாகவோ, பக்கச் சுவரில் பனி படிந்ததுபோலவோ, சில சமயம் மூடியின் உள்பக்கத்திலோ ஒட்டியிருக்கும். அடியில் வெள்ளைக் கட்டியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் கூடவே சேர்த்த டிரெஹலோஸோ மானிட்டாலோ உப்போதான். கட்டி பெரிதாக இருக்கிறது என்பதற்காகப் புரதம் அதிகம் என்று ஆகிவிடாது.

இங்கே பேசப்போவது ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த, கேரியர் இல்லாத, உறைஉலர் நிலையில் வரும் மனித எஃப்.ஜி.எஃப்-2 பற்றி. செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணிப் புரதம் இது. பழைய பெயர் பேசிக் எஃப்.ஜி.எஃப். இதே விவரக்குறிப்போடு பல லேபிள்களில் விற்கிறது. அதனால் நிறுவனப் பெயரை விட்டுவிட்டு, இந்த வகைச் சரக்கு வேலூரில் எப்படி நடந்துகொள்ளும், எதற்குக் காசு கொடுக்கலாம், எங்கே கெட்டுப்போகும் என்று மட்டும் பார்ப்போம். பாகாயத்தில் ஸ்டெம்செல் ஆய்வு மையம், காட்பாடிப் பக்கம் வி.ஐ.டி., சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் என்று செல் வளர்ப்பு நடக்கக்கூடிய இடங்கள் இந்த ஊரில் குறைவில்லை. எம்.எஸ்சி. பிராஜெக்ட் மாணவர் முதல் பி.எச்டி. மாணவர்வரை என்றாவது ஒருநாள் இந்தக் குப்பியைத் திறக்க வேண்டிவரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சரக்கில் பெரிய குறை இல்லை. உலர்ந்த நிலையில் இது வேலூர் வெயிலைத் தாங்கும், கரைத்தபிறகு தாங்காது. ஆனால் நம்மவர்கள் கவலைப்படுவது நேர்மாறாக இருக்கிறது. மே மாதம் சென்னையிலிருந்து கிளம்பிய பெட்டிக்குள் ஐஸ்பேக் உருகித் தண்ணீராகிவிட்டால் கூரியர் பையனிடம் சண்டை. அதே புரதத்தைக் கரைத்து மீடியத்தில் கலந்து மூன்று நாள் 37 டிகிரியில் வைத்துவிட்டு, செல் ஏன் பெருகவில்லை என்று கேள்வி. பெரும்பாலான உறைஉலர் எஃப்.ஜி.எஃப்-2 சரக்குகளை உற்பத்தியாளர்களே சாதாரண வெப்பநிலையில்தான் அனுப்புகிறார்கள். தண்ணீர் இல்லாத இடத்தில் புரதம் மடிப்பு குலையவும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்பு மிகக் குறைவு. சனிக்கிழமை வந்த பெட்டி திங்கள்வரை ஸ்டோர் ரூமில் கிடந்தது என்பதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. வந்தவுடன் மைனஸ் 20-இல் வையுங்கள், போதும். திரவ நிலையில், உலர்பனியில் அனுப்பும் சரக்கு வேறு கதை. வேலூருக்கு அதை வாங்கவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம்.

விவரத்தாளில் என்ன பார்ப்பது? முதலில் நீளம். 154 அமினோ அமிலம் கொண்டது சுமார் 17.2 கிலோ டால்டன் எடை. முனையில் கொஞ்சம் குறைந்த 146 அமினோ அமில வடிவமும் விற்கிறது, அதுவும் வேலை செய்யும். இரண்டையும் ஒரே ஆய்வுக்குள் மாற்றி மாற்றிப் போடாதீர்கள், அவ்வளவுதான். ஹிஸ்டிடின் வால் (சுத்திகரிக்க வசதியாகப் புரதத்தின் முனையில் சேர்க்கும் ஹிஸ்டிடின் வரிசை) ஒட்டியதா என்றும் பாருங்கள். விலை குறைந்த சரக்கில் அது இருக்க வாய்ப்பு அதிகம். வெறும் செல் வளர்ப்புக்குப் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் அதே பரிசோதனையில் ஹிஸ் வால் கொண்ட இன்னொரு புரதத்தை ஆன்டிபாடி வைத்துத் தேடுகிறீர்கள் என்றால் குழம்பிவிடும். "ஈ.கோலையில் செய்தது, சர்க்கரை ஏறியிருக்காதே" என்று சிலர் தயங்குவார்கள். ரத்தச் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபொயட்டினுக்கு அந்தத் தயக்கம் நியாயம். எஃப்.ஜி.எஃப்-2-க்கு அது பொருந்தாது. செல்லுக்குள்ளேயே இது வழக்கமான சுரப்புப் பாதையில் போகாத புரதம். செயல்படச் சர்க்கரை தேவையில்லை. பாக்டீரியாவில் செய்ததே சரியான சரக்கு.

அடுத்தது வீரியம். இதில்தான் ஏமாறுவது அதிகம். இ.டி.50 என்று போட்டிருக்கும்: செல் பெருக்கத்தைப் பாதியளவு தூண்டத் தேவையான செறிவு. 3டி3 என்ற சுண்டெலி ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் நல்ல எஃப்.ஜி.எஃப்-2-க்கு இது வழக்கமாக மில்லிக்கு 0.1 முதல் 1 நானோகிராம்வரை. 10 லட்சத்தை இந்த எண்ணால் வகுத்தால் ஒரு மில்லிகிராமுக்கு எத்தனை யூனிட் என்று வரும். 1 நானோகிராம் என்றால் 10 லட்சம் யூனிட், 0.1 என்றால் ஒரு கோடி. ஒரே விலையில் இரண்டு குப்பி, ஒன்றில் பத்து மடங்கு வீரியம் என்று தோன்றும். உடனே நம்ப வேண்டாம். எந்தச் செல், எத்தனை மணி நேரம் சீரம் குறைத்துப் பட்டினி போட்டது, ஹெப்பாரின் (இந்தப் புரதத்தோடு பிணையும் சர்க்கரைச் சங்கிலி) சேர்த்ததா என்பதைப் பொறுத்து இந்த எண் ஆடும். இரண்டு கம்பெனிகளின் தாள்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வேறு வேறு தராசில் நிறுத்த தங்கத்தை ஒப்பிடுவதுபோல. "1 நானோகிராமுக்குக் குறைவு" என்று பொதுவாக மட்டும் எழுதியிருந்தால், உங்கள் கைக்கு வரும் அதே லாட்டின் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதியின்) சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கே வாங்காதீர்கள்.

இனி கரைப்பது. இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அவசரம் கூடாது.

குப்பி அறை வெப்பத்துக்கு வரட்டும். குளிர்ந்த குப்பியைத் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும். பிறகு மைக்ரோசென்ட்ரிஃபியூஜில் 3000 சுற்றில் ஒரு நிமிடம். மூடியில் ஒட்டியதெல்லாம் அடிக்கு வரும். இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்தவர்கள் மூடியோடு சேர்த்துப் பாதிப் புரதத்தைக் குப்பையில் போடுகிறார்கள். ரப்பர் மூடி போட்ட குப்பி என்றால் உள்ளே வெற்றிடம் இருக்கலாம். சட்டென்று பிடுங்கினால் புகுகிற காற்று தூளைக் கிளப்பிவிடும். மூடியை 70% ஆல்கஹாலால் துடைத்துவிட்டு ஊசியால் குத்திக் காற்றை மெல்ல விடுங்கள்.

கரைக்க 5 மில்லிமோலார் டிரிஸ் பஃபர், பி.எச். 7.6, கூடவே 0.1% பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீரம் ஆல்புமின்). இதில் 500 மைக்ரோலிட்டர் விட்டால் மில்லிக்கு 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் 100 நானோகிராம். கணக்குப் போட இதைவிட வசதியான எண் கிடையாது. 50 மைக்ரோலிட்டரில் கரைத்து அடர்த்தியாக வைக்கலாம் என்று தோன்றும். அவ்வளவு சின்ன அளவு சுவரைக் கழுவாது, பாதி அங்கேயே ஒட்டி நிற்கும். விட்டபிறகு குப்பியைச் சாய்த்து உருட்டி எல்லாப் பக்கமும் நனையுங்கள். 10 நிமிடம் வையுங்கள். பிப்பெட்டால் மெதுவாக நான்கைந்து முறை ஏற்றி இறக்குங்கள். வோர்டெக்ஸ் பக்கம் போகவே கூடாது. நுரை கிளம்பினால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து கெட்டுவிடும்.

டிரிஸ் பஃபரில் நம்ம ஊருக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. டிரிஸின் பி.எச். வெப்பத்தோடு மாறும், ஒரு டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 0.03 கூடும். ஏ.சி. இல்லாத பெஞ்சில், மே மாதம் 35 டிகிரியில் 7.6 என்று சரிசெய்த பஃபரை 4 டிகிரி ஃபிரிட்ஜில் வைத்தால் 8.5 பக்கம் போய்விடும். எஃப்.ஜி.எஃப்-2-இல் நான்கு சிஸ்டீன்கள் உண்டு. அவற்றில் இரண்டு வெளிப்பரப்பில் துருத்திக்கொண்டிருப்பவை. காரத்தன்மை கூடக்கூட அவை ஆக்சிஜன் ஏறி, ஒரு மூலக்கூறு இன்னொன்றோடு பிணைந்து இரட்டையாகும், பிறகு திரளும். பஃபரை 25 டிகிரிக்குக் கொண்டுவந்து பி.எச். பாருங்கள், மீட்டரின் வெப்பத் திருத்தத்தை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள். அது எலெக்ட்ரோடின் கணக்கைத்தான் திருத்தும், டிரிஸைத் திருத்தாது.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பாலாற்றுப் பக்கத்து நிலத்தடி நீரின் உப்பு யாருக்கும் தெரியாததல்ல. பழைய கண்ணாடி டிஸ்டில்லேஷனில் வடித்த நீர் ஜெல் ஓட்டப் போதும், இதற்குப் போதாது. ஆட்டோகிளேவ் செய்தால் கிருமி சாகும், எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் நச்சு) போகாது. ஆற்காடு ரோட்டில் எந்த மருந்துக்கடையில் கேட்டாலும் ஊசிக்கான ஸ்டெரைல் தண்ணீர் 10 மில்லி ஆம்பூல் சொற்ப விலைக்குக் கிடைக்கும். பஃபர் போட அது நல்ல தேர்வு. பாதுகாப்புப் பொருள் சேர்க்காத ஆம்பூலா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பி.எஸ்.ஏ. எதற்கு? இந்தப் புரதத்தின் ஐசோஎலெக்ட்ரிக் புள்ளி, அதாவது மொத்த மின்னேற்றம் பூஜ்யமாகும் பி.எச்., 9-க்கு மேல். பேசிக் என்ற பெயரே அதனால் வந்தது. நடுநிலை பி.எச்.-இல் நேர்மின் ஏறியிருக்கும், கண்ணாடியிலும் பாலிஸ்டைரீனிலும் போய் ஒட்டிக்கொள்ளும். பி.எஸ்.ஏ. அந்த இடங்களை முதலில் நிரப்பிவிடும். செல் வளர்ப்புத் தரத்தில், எண்டோடாக்சின் குறைந்ததாக வாங்குங்கள். எலைசா பிளாக்கிங்குக்கு வைத்திருக்கும் டப்பாவிலிருந்து எடுக்காதீர்கள். ஆன்டிபாடி தயாரிக்கவோ, புரதத்தின் மேல் ஃபுளோரசன்ட் சாயம் ஏற்றவோ போகிறீர்கள் என்றால் பி.எஸ்.ஏ. சேர்க்கவே கூடாது. கடைசியாக 0.22 மைக்ரான் ஃபில்டரில் விட்டுக் "கிருமி நீக்கலாம்" என்று நினைக்காதீர்கள். பஃபரை முன்பே ஃபில்டர் செய்து வையுங்கள். அரை மில்லி கரைசலை ஃபில்டரில் விட்டால் புரதத்தில் கணிசமான பங்கு சவ்வில் நின்றுவிடும்.

பங்கு பிரிப்பது கணக்குத்தான். 10 மைக்ரோலிட்டர் வீதம் பிரித்தால், சிந்தியதும் ஒட்டியதும் போக 48 குழாய் வரும். ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோகிராம். மில்லிக்கு 10 நானோகிராம் வேண்டுமென்றால் ஒரு குழாய் 100 மில்லி மீடியத்துக்கு. சின்ன ஆய்வகம் ஒரு வாரத்தில் செலவழிக்கும் அளவு அது. 10 மைக்ரோலிட்டருக்குக் குறைவாகப் பிரித்தால் உறைநிலையிலேயே நீர் ஆவியாகி அடர்த்தி மாறும், சுவரில் ஒட்டும் பங்கும் கூடும். பாலிப்ரொப்பிலீன் குழாய், முடிந்தால் லோ-பைண்ட் வகை. உருக்கிய குழாயைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். 4 டிகிரியில் ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம்.

மைனஸ் 80 இருந்தால் பிரச்சினை இல்லை. மைனஸ் 20 மட்டும் என்றால் அது எந்த வகை என்று பாருங்கள். வீட்டு உபயோக ஃபிராஸ்ட்-ஃப்ரீ ஃபிரிட்ஜின் மேல்தட்டு ஆய்வக ஃபிரீசராகச் சில இடங்களில் ஓடுகிறது. அதில் பனி படியாமல் இருக்க அவ்வப்போது தானே சூடேறித் தணியும். நீங்கள் கை வைக்காமலேயே உங்கள் புரதம் உருகி உறைந்துகொண்டிருக்கும். வேறு வழியில்லை என்றால் கூல் பிளாக்குக்குள், பின்பக்கச் சுவரோரம் வையுங்கள், கதவுத் தட்டில் வேண்டாம். கரண்ட் போனால் கதவைத் திறந்து பார்க்காதீர்கள்.

இப்போது முக்கியமான இடம். சாதாரண எஃப்.ஜி.எஃப்-2, செல்களே இல்லாத மீடியத்தில் 37 டிகிரியில் சுமார் 10 மணி நேரத்தில் பாதி வீரியத்தை இழக்கும். அதை வைத்துக் கணக்குப் போடுங்கள்: காலையில் 10 நானோகிராம் கொடுத்தால் மறுநாள் காலை மிஞ்சுவது சுமார் 2; இரண்டு நாளில் 0.4-க்கும் கீழே. மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியம் மாற்றும் வழக்கத்தில், பெரும்பகுதி நேரம் உங்கள் செல் எஃப்.ஜி.எஃப்-2 இல்லாமலேயே கிடக்கிறது. செல் மேலுள்ள ஹெப்பாரன் சல்ஃபேட்டும் (ஹெப்பாரின் போன்ற சர்க்கரைச் சங்கிலி) சீரமும் இந்த இழப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும். அதனால்தான் 10% சீரத்தில் வளரும் எலும்பு மஜ்ஜை மெசன்கைமல் செல் 1 முதல் 10 நானோகிராமில் திருப்தியாக இருக்கும், சீரமே இல்லாத ஈ8 மீடியத்தில் வளரும் ப்ளூரிபொடன்ட் (உடலின் எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய) செல்லுக்கு 100 நானோகிராம் தேவைப்படும். ஈ8-க்கு ஒரு 50 மைக்ரோகிராம் குப்பி வெறும் அரை லிட்டர் மீடியத்தோடு தீர்ந்துவிடும் என்பதையும் வாங்குமுன் நினைவில் வையுங்கள்.

500 மில்லி பாட்டிலில் மொத்தமாக எஃப்.ஜி.எஃப்-2 கலந்து, தினமும் அந்தப் பாட்டிலையே 37 டிகிரி வாட்டர் பாத்தில் ஒரு மணி நேரம் போடுவது இந்தப் புரதத்தைக் கொல்ல நிச்சயமான வழி. தேவையான 20 மில்லியை மட்டும் ஊற்றிச் சூடாக்குங்கள், எஃப்.ஜி.எஃப்-2-ஐக் கடைசியில் சேருங்கள். கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறையின் பெஞ்சு இன்குபேட்டரை நெருங்கிய சூடு. குழாய் எப்போதும் ஐஸில் இருக்கட்டும்.

ஹெப்பாரின் சேர்த்தால் வீரியம் நீடிக்கும். நரம்பு ஸ்டெம்செல் மீடியத்தில் மில்லிக்கு 2 மைக்ரோகிராம் வழக்கம். மருந்துக்கடை ஹெப்பாரின் ஊசிமருந்தை எடுத்து ஊற்றாதீர்கள். பல குப்பிகளில் பென்சைல் ஆல்கஹால் இருக்கும், செல்லுக்கு ஆகாது. செல் வளர்ப்புத் தர ஹெப்பாரின் உப்பை வாங்கிக் கரையுங்கள். காசு இருந்தால் இன்னொரு வழியும் உண்டு: ஒன்பது இடங்களில் அமினோ அமிலம் மாற்றி வடிவமைத்த எஃப்.ஜி.எஃப்2-ஜி3 போன்ற வெப்பம் தாங்கும் வகைகள். 37 டிகிரியில் அதன் அரைவாழ்வு 20 நாளுக்கும் மேல். வார இறுதியில் ஆள் வராத ஆய்வகத்துக்கு அதுவே கடைசியில் மலிவு. ஒரே நிபந்தனை, அது இயற்கைப் புரதம் இல்லை என்று ஆய்வேட்டில் எழுத வேண்டும்.

வந்த சரக்கைச் சோதிப்பது எப்படி? 15% ஜெல்லில் ஓட்டினால் 17 கிலோ டால்டன் பக்கம் ஒரு கோடு வரவேண்டும். பி.எஸ்.ஏ. சேர்த்துக் கரைத்தபிறகு ஓட்டினால் 66 பக்கம் தடியாக ஒரு கோடு வரும், ஏனென்றால் அதில் எஃப்.ஜி.எஃப்-2-ஐப்போலப் பத்து மடங்கு பி.எஸ்.ஏ. இருக்கிறது. "கலப்படம்" என்று இதைப் புகாராக எழுதி அனுப்பினால் விநியோகஸ்தர் சிரிப்பார். ஜெல் ஓட்டுவதானால் முதலில் டிரிஸில் மட்டும் கரைத்து, பி.எஸ்.ஏ. சேர்க்குமுன் ஒரு துளி எடுத்து வையுங்கள். சிஸ்டீன் பிணைப்பை உடைக்கும் மெர்காப்டோஎத்தனால் இல்லாமலும் ஒரு லேன் ஓட்டுங்கள். 34 பக்கம் கோடு தெரிந்தால் இரட்டை சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஜெல் சுத்தத்தைத்தான் சொல்லும், உயிர் இருக்கிறதா என்று சொல்லாது. அதற்குச் சீக்கிரமான வழி, இரவு முழுக்கச் சீரம் குறைத்துவைத்த என்.ஐ.எச்.3டி3 செல்லுக்கு மில்லிக்கு 10 நானோகிராம் கொடுத்து 10 நிமிடத்தில் லைஸ் செய்து ஃபாஸ்போ-எர்க் (எஃப்.ஜி.எஃப் சமிக்ஞை வந்ததும் பாஸ்பேட் ஏறும் எர்க் புரதம்) வெஸ்டர்ன் பார்ப்பது. 42, 44 கோடுகள் பளிச்சென்று ஏற வேண்டும். முழு வீரிய வளைவு வேண்டுமென்றால் 96 குழித் தட்டில் குழிக்கு 5000 செல், 0.5% சீரத்தில் 24 மணி நேரம், பிறகு 0.01-லிருந்து 30 நானோகிராம்வரை மும்மடங்கு படிகள், 48 மணி நேரம் கழித்து எம்.டி.டி. (உயிருள்ள செல்லை நிறத்தால் அளக்கும் சோதனை). புனே என்.சி.சி.எஸ். (தேசிய செல் அறிவியல் மையம்) செல் வங்கியில் இந்தச் செல் கிடைக்கும். கன்றுச் சீரத்தில் வளருங்கள், தட்டு நிறைய விடாதீர்கள். நெருக்கமாக வளர்ந்து பழகிய 3டி3, எஃப்.ஜி.எஃப் இல்லாமலே பெருகத் தொடங்கிவிடும். அப்போது நல்ல குப்பியும் செத்த குப்பி மாதிரித் தெரியும்.

எண்டோடாக்சின் பற்றி ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ப்பவர்கள் பயப்பட வேண்டாம். மைக்ரோகிராமுக்கு 1 இ.யு. (எண்டோடாக்சின் யூனிட்) என்றாலும், 10 நானோகிராமில் மில்லிக்கு 0.01 இ.யு.தான் போகும். மோனோசைட், டென்ட்ரிடிக் செல் வைத்திருப்பவர்கள் 0.1-க்குக் குறைவான லாட்டைக் கேளுங்கள். கொதிக்க வைத்த புரதத்தையும் ஒரு கன்ட்ரோலாக ஓட்டுங்கள். கொதித்தபிறகும் விளைவு வந்தால் அது எஃப்.ஜி.எஃப்-2 செய்த வேலை அல்ல.

விலை கேட்கும்போது ஜி.எஸ்.டி., சுங்கம், பெட்டிக் கட்டணம் மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மைக்ரோகிராம் கணக்கில் 1 மில்லிகிராம் குப்பிதான் வழக்கமாக மலிவு. ஆனால் ஒருமுறை கரைத்தால் மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும். மாதம் 50 மைக்ரோகிராம்கூடச் செலவாகாத இடத்தில் பெரிய குப்பி ஃபிரீசரில் கிழடாகும். 50 மைக்ரோகிராமாக ஐந்து, ஒரே லாட்டில், உலர்ந்த நிலையிலேயே வைத்து ஒவ்வொன்றாகத் திறப்பது நல்லது.

ஆஸ்பத்திரி ஊர் என்பதால் ஒரு வார்த்தை. இதே புரதம் ஜப்பானில் டிராஃபெர்மின் என்ற பெயரில் புண் ஆற்றும் மருந்தாக அங்கீகரிக்கப்பட்டிருக்கிறது. அதைக் கேள்விப்பட்டு "ஆய்வுக்கு மட்டும்" என்று அச்சிட்ட குப்பியை யாராவது சர்க்கரைப் புண்ணுக்கோ முகத்துக்கோ கேட்டால் கொடுக்காதீர்கள். மருந்துக்கான தரத்தில் அது தயாராவதும் இல்லை, சோதிக்கப்படுவதும் இல்லை.

ஒவ்வொரு குழாயின் மேலும் லாட் எண், கரைத்த தேதி, செறிவு மூன்றையும் பென்சிலாலோ ஆல்கஹாலில் அழியாத மார்க்கராலோ எழுதுங்கள். புது லாட் வந்ததும் பழையதில் இரண்டு குழாயை மிச்சம் வைத்து, 0.3, 1, 3 நானோகிராமில் இரண்டையும் ஒரே தட்டில் ஓட்டிப் பாருங்கள். மூன்று புள்ளியும் ஒத்துவந்தால் மாறிக்கொள்ளலாம். வரவில்லை என்றால் அளவைத் திருத்திக்கொண்டு, அந்தத் திருத்தத்தையும் நோட்டில் எழுதிவையுங்கள்.